நைனாவின் வண்டிக்கு ஸ்டிக்கர் தேடிய கதை

"எல்லாத்தையும் சுரண்டிடுங்க, புதுசு மாதிரி வரணும்" என்று பெயின்டரிடம் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. நாலு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனால், பெட்ரோல் டேங்க் வெறும் தகரமாகப் பலகை மேல் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு வாளி. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த கறுப்புத் தண்ணீர். அதில் சுருண்டு மிதந்த சிவப்புத் துணுக்கு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்தேன். வெள்ளையில் 'இசட்' எழுத்தின் கீழ்ப்பாதி. நைனா வண்டியின் ஸ்டிக்கரில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"அது கிழிஞ்சு போன ஸ்டிக்கர்தானே சார், புதுசு ஒட்டிக்கலாம்" என்றார் பெயின்டர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் 'புதுசு' கிடைக்கப் பதினோரு மாதம் ஆகும் என்று அன்றைக்குத் தெரியாது.

வண்டி, இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ்.100. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அம்முண்டி கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தவர், 1985-ல் நேராக இந்த வண்டிக்கு மாறினார். நடுவில் மொபெட் கூட இல்லை. ஓசூரில் தயாரான வண்டி. 1984-ல் இது வந்தபோது, ஜப்பான் கூட்டில் நம் நாட்டில் செய்த 100 சிசி மோட்டார் சைக்கிள் என்று வேறொன்று கிடையாது. ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்.எக்ஸ்.100 எல்லாம் அடுத்த வருடம் வந்தவை. 1986-ல் கம்பெனியின் பெயர் டி.வி.எஸ்.-சுசுகி என்று மாறிவிட்டது. சிக்கல் அங்கேதான். 'இண்ட்' என்று டேங்கில் எழுதிய வண்டிகள் வந்ததே இரண்டு மூன்று வருடம்தான். ஆர்.எக்ஸ்.100-க்கு எந்த ஊர் ஸ்டிக்கர் கடைக்குப் போனாலும் செட்டாக எடுத்துப் போடுவார்கள். இதற்கு யாரிடமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'வின்டேஜ்' என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் வண்டி இன்னும் அந்த வயதைத் தொடவில்லை. ஸ்டிக்கருக்கு அலையும்போது மட்டும் நூறு வருடத்து வண்டி போலத் தோன்றும்.

முதலில் எல்லாரையும் போல ரேடியம் கடைக்குத்தான் போனேன். வேலூரில் ஸ்டிக்கர் வெட்டித் தரும் எந்தக் கடைக்கும் ரேடியம் கடை என்றுதான் பெயர், அங்கே ரேடியம் ஒரு குன்றிமணி கூட இல்லாவிட்டாலும். பையன் செல்போனில் தேடி ஒரு படத்தை எடுத்து, "இதானே சார்?" என்றான். வண்டி அதே வண்டிதான். படம் சரிவாக எடுத்தது, டேங்க் பாதிக்கு மேல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. "இதை வச்சே பண்ணிடலாம்" என்று கம்ப்யூட்டரில் கிட்டத்தட்ட ஒத்துப் போகும் ஒரு எழுத்துருவை எடுத்து, சாய்த்து, அரை மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டான். 250 ரூபாய். தூரத்தில் நின்று பார்த்தால் சரிதான். கிட்டே போனால் ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் நைனா சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மறுநாளே உரித்துவிட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையைச் சல்லடை போட்டேன். பழைய வண்டி உதிரிபாகத்துக்கு அதைவிட்டால் நமக்கு வேறு எது? கார்பரேட்டர் கிடைத்தது, டெயில் லைட் கண்ணாடி கிடைத்தது. ஸ்டிக்கர் என்றதும் சிரித்தார்கள். "தகரம் இருக்கும், ஸ்டிக்கர் எப்படி சார் இருக்கும்?" நியாயம்தான். ஆனால் நாலாவது முறை போனபோது ஒருவர், முன்பு வண்டி டீலராக இருந்த ஒருவரின் குடோன் சாமான்களை மொத்தமாக எடைக்கு எடுத்தவர், ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினார். எலி கடித்த பில் புத்தகங்கள், கேபிள், ஹேண்டில் ரப்பர். அடியில் பழுப்புக் காகித உறைக்குள் ஒரே ஒரு டேங்க் ஸ்டிக்கர். இடது பக்கம் மட்டும். எங்கள் வண்டியில் இருந்த அதே அமைப்பு: அகலமான சிவப்புப் பட்டை, அதற்குள் வெள்ளை எழுத்து, அடியில் கம்பி போல மஞ்சள் கோடு. 900 ரூபாய் சொன்னார், 700 கொடுத்தேன். பேரம் பேச எனக்குக் கை நடுங்கியது என்பதே உண்மை.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒட்டிவிடத்தான் இருந்தேன். தடுத்தது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நம்பர் பிளேட் எழுதும் பெரியவர். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு கடை போர்டு, லாரிக் கதவு, கோயில் திருவிழாப் பலகை என்று கையாலேயே எழுதியவர். ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பசை செத்துப் போச்சு தம்பி. ஒட்டினா ஒரு வாரம் நிக்கும். அப்புறம் வெயில்ல சுருண்டு கீழ விழும். இது ஒட்டறதுக்கு இல்ல. அளவு எடுக்கறதுக்கு."

எனக்கு இந்த வேலையில் யாரும் சொல்லித் தந்த பாடங்களிலேயே பெரியது அது. நாற்பது வருடம் உறைக்குள் கிடந்த ஸ்டிக்கர் பார்க்கப் புதிதாக இருக்கும். பசை மஞ்சளடித்து, மாவு போல உதிரும். பின் தாளோடு ஒட்டிக்கொண்டு வராமலும் போகும். பிரித்தால் திரும்ப ஒட்ட முடியாது, அளவும் போய்விடும். கம்பெனியில் வந்த பழைய ஸ்டிக்கர் யாருக்காவது கிடைத்தால் கையைக் கட்டிக்கொண்டு, முதலில் ஸ்கேன் எடுங்கள். நான் எடுத்தது 600 டிபிஐ-யில், பக்கத்திலேயே ஒரு எவர்சில்வர் ஸ்கேலை வைத்து. செல்போனில் படம் எடுத்தால் ஓரம் வளையும். எவ்வளவு வளைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்கேனர் சிறியதாக இருந்தால் இரண்டு மூன்று பகுதியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கேல் கூட இருந்தால் அளவு தவறாது.

சரி, இடது பக்கம் கிடைத்துவிட்டது. வலது பக்கத்துக்கு அதையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பட்டையைத் திருப்பலாம், எழுத்தைத் திருப்ப முடியாது. அதுவாவது தெரிந்த விஷயம். தெரியாதது, எழுத்துக்கும் பட்டைக்கும் இடையில் விட்டிருந்த இடம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை என்பது. பட்டை ஒரு பக்கம் சாய்கிறது, எழுத்து எப்போதும் ஒரே திசையில் சாய்கிறது. அதனால் இடது பக்கம் இரண்டும் சேர்ந்து சாயும். வலது பக்கம் எதிரும் புதிருமாக நிற்கும். வரைந்தவர் அதற்குத் தக்கபடி வலது பக்க எழுத்துகளை நெருக்கி வைத்திருந்தார். இதைக் குடியாத்தத்தில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

குடியாத்தத்தில் லுங்கித் தறிக்காரர் ஒருவரிடம் இதே வண்டி ஓடிக்கொண்டிருப்பதாக என் மெக்கானிக் சொன்னார். எழுபது தாண்டியவர். இன்னமும் தினம் அதில்தான் நூல் கட்டு ஏற்றிக்கொண்டு போகிறார். கழுவினதே இல்லையோ என்று தோன்றும் வண்டி. ஆனால் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் இருந்தது. முழங்கால் உரசும் இடத்தில் மட்டும் தேய்ந்து போயிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். "உரிச்சு எடுத்துட்டுப் போயிடுவியா?" "இல்லீங்கய்யா, தாள் வச்சுத் தேச்சு மட்டும் எடுத்துக்கறேன்." வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அதற்குள் அவரே சைடு பேனலையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சின்ன வயதில் காசு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். பட்டர் பேப்பரை டேங்க் மேல் விரித்து, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு, 6பி பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தால் ஸ்டிக்கரின் விளிம்பு கறுப்புக் கோடாக எழும்பி வரும். வினைல் என்கிற பிளாஸ்டிக் தாளில் செய்த ஸ்டிக்கருக்கு ஒரு தடிமன் இருப்பதால்தான் இது முடிகிறது. பெயின்டுக்கு அடியில் போன ஸ்டிக்கரில் வராது. எழுத்து பட்டையோடு ஒரே மட்டத்தில் இருப்பதால் தேய்த்தாலும் வராது. அதற்குக் கண்ணாடி போலத் தெரியும் ஓ.எச்.பி. ஷீட்டை மேலே ஒட்டி, மெல்லிய மார்க்கரால் வரைந்து எடுத்தேன்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டேங்க் உப்பிய உருவம், தாளோ தட்டையானது. பெரிய தாளை அப்படியே விரித்தால் எங்காவது சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் மூன்று நாலு மில்லிமீட்டர் காணாமல் போகும். அதனால் இரண்டாவது முறை தாளே வேண்டாம் என்று, ஸ்டிக்கர் மொத்தத்தையும் மாஸ்கிங் டேப் பட்டைகளால் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி மூடி, விளிம்பைப் பேனாவால் வரைந்து, ஒரே துண்டாக உரித்து, தட்டையான மைக்கா பலகையில் ஒட்டினேன். டேப் எங்கே இழுத்துக்கொள்ள வேண்டுமோ அங்கே தானே இழுத்துக்கொள்ளும். தட்டையில் வரும் அந்த உருவம்தான் ஸ்டிக்கரின் நிஜ உருவம். பழைய ஸ்டிக்கர் மேல் டேப் ஒட்டுமுன் பசையைக் குறைக்க, டேப்பை ஒரு தடவை வேட்டியில் ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் வண்டி ஸ்டிக்கர் டேப்போடு வந்துவிடும், மானம் போய்விடும்.

எந்த உயரத்தில், எந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்கு நைனாவின் போட்டோ ஒன்று உதவியது. ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்க, முன்னால் வண்டி மேல் சாய்ந்து நிற்கிறார். கலர் போட்டோதான், எல்லாம் இப்போது ஆரஞ்சாக மாறிவிட்டது. நிறத்துக்கு அது உதவாது. ஆனால் பட்டையின் முன் முனை டேங்கின் எந்த இடத்தில் முடிகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. போட்டோவில் டேங்கின் நீளத்தையும் கையில் இருக்கும் டேங்கின் நீளத்தையும் அளந்து விகிதம் போட்டேன். வண்டி பக்கவாட்டில் நேராக நிற்கும் போட்டோவுக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும்.

அடுத்தது கம்ப்யூட்டர். ஸ்கேனைக் கோரல் டிராவில் போட்டு 'ட்ரேஸ்' பட்டனைத் தட்டினால் ஒரு நொடியில் வரைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வளைவும் பல் வைத்த அரிவாள் மாதிரி இருக்கும். நூற்றுக்கணக்கில் புள்ளிகள். டிடிபி வேலை செய்யும் தம்பி ஒருவர் அதை அழித்துவிட்டு, எழுத்துக்கு எட்டுப் பத்துப் புள்ளி வைத்துக் கையாலேயே வரைந்து கொடுத்தார். அருமையான வேலை. ஒரே ஒரு தொல்லை, அவருடைய கண்ணுக்குக் கோணல் ஆகாது. பழைய ஸ்டிக்கரில் 'இண்ட்'டுக்கும் 'சுசுகி'க்கும் நடுவில் வரும் சின்னக் கோடு, எழுத்துகளின் நடுமட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கீழே இருக்கும். முதல் 'யு' இரண்டாவது 'யு'வைவிட நூலளவு பெரிது. அவர் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டார். "தப்பா இருந்துச்சு சார், சரி பண்ணிட்டேன்." அந்தத் தப்புதான் எனக்கு வேண்டும் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து கையால் வரைந்த எழுத்து அது. நேராக்கினால் முதல் நாள் 250 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டிக்கருக்கே திரும்பி வந்து நிற்போம். திரும்பவும் கோணலாக்கினோம்.

நிறத்துக்கு வருவோம். வெயிலில் மற்ற நிறங்களைவிடச் சிவப்பு சீக்கிரம் போகும். குடியாத்தத்து வண்டியில் அது ரோஸ் மில்க் நிறமாகியிருந்தது. உறைக்குள் இருந்த ஸ்டிக்கர் வெயில் காணாதது. ஆனால் அதிலும் மேல் பூச்சு மஞ்சளடித்திருந்ததால் சிவப்பு கொஞ்சம் செங்கல் பக்கம் போயிருந்தது. கடைசியில் எனக்கு நிஜச் சிவப்பைக் காட்டியது தறிக்காரர் கழற்றிக் கொடுத்த சைடு பேனல். அதன் ஸ்டிக்கரின் மேல் விளிம்பு சீட்டுக்கு அடியில் நுழைந்து மறைந்திருந்தது. சீட்டைத் தூக்கினால் அரை விரற்கடை அகலத்துக்கு, வெயிலும் படாத, கையும் படாத சிவப்பு. பழைய வண்டியில் நிறம் பார்க்க வேண்டுமானால் சீட் அடி, கிளாம்ப் அடி, ரப்பர் அடி இங்கெல்லாம்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதும் காலை வெயிலில். கடைக்குள் எல்இடி வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய சிவப்பு, வெளியே கொண்டுவந்தால் வேறு சிவப்பாக நிற்கும். இரண்டு தடவை ஏமாந்தேன்.

முதல் அச்சு டிஜிட்டலில் போட்டேன். பெரிய ஃபிளெக்ஸ் மெஷின் இருக்கும் இடத்தில் வினைலில் அடித்துக் கொடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. ஒட்டி, மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல் பூச்சு, அடித்தால் காலத்துக்கும் நிற்கும் என்று பெயின்டர் சொன்னார். கிளியர் அடித்த ஐந்தாவது நிமிடம். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் சிவப்புப் பட்டையின் நடுவில் தயிர் ஆடை போல ஒரு சுருக்கம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது இரண்டு பக்கமும் பரவியது. மஞ்சள் கோடு கரைந்து சிவப்புக்குள் இறங்கியது. அந்த மையும் கரைப்பானில் கரைவது, கிளியரில் கலந்த தின்னரும் கரைப்பான். முதல் பூச்சையே ஈரமாக அடித்ததால் மை கரைந்துபோனது. அடித்தே தீர வேண்டுமானால் முதல் இரண்டு மூன்று பூச்சைப் பனி தூவுவது போலத் தூவி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, அப்புறம்தான் முழுப் பூச்சுக்குப் போக வேண்டும். அதையும் டேங்கில் செய்து பார்க்காதீர்கள், ஒரு பழைய மட்கார்டில் செய்து பாருங்கள். எனக்கு டேங்க் பெயின்ட் மொத்தமும் மறுபடி. 3,200 ரூபாய்.

இந்த இடத்தில்தான் நம் ஊரின் அருமை தெரிந்தது. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ, தோல் தொழில் எத்தனை காலமாக நடக்கிறது! ஷூவுக்குள் குதிகால் படும் இடத்தில் கம்பெனி பெயர் அச்சிட்டிருக்கும் மெல்லிய தோல் துண்டைப் பார்த்திருப்பீர்கள். அதை ஸ்கிரீன் பிரின்டிங்கில் அடிப்பவர்கள் இங்கே சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். மேல்விஷாரத்தில் ஒரு பாய், வீட்டு மாடியிலேயே நாலு மேஜை போட்டு அடிக்கிறார். வியர்வையிலும் உரசலிலும் அழியாத அச்சு அவர் தொழில். ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு கலர்தானே அண்ணே, வெள்ளை வினைலோட வெள்ளையே எழுத்தா நிக்கட்டும்" என்றார். ஒரே வரியில் அந்தக் காலத்து அச்சு முறையைச் சொல்லிவிட்டார். எழுத்து அச்சடித்தது அல்ல. சிவப்பு படாமல் விட்ட இடம்.

மை கலந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் டம்ளரில் சிவப்பு, அதில் ஐஸ்கிரீம் குச்சி நுனியில் மஞ்சள், இன்னொரு குச்சி நுனியில் கறுப்பு. கறுப்பு என்றால் கடுகளவு. கலக்கிய மையை வினைல் துண்டில் தேய்த்து, மொட்டை மாடி வெயிலுக்கு எடுத்துப் போய்த் தறிக்காரரின் சைடு பேனல் பக்கத்தில் வைப்பார். தலையை ஆட்டுவார். திரும்பக் கீழே. ஏழாவது துண்டில், "இப்ப பாருங்க" என்றார். துண்டு எது, பேனல் எது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ந்தால் நிறம் கொஞ்சம் இறங்கும் என்று அரை மணி காத்திருந்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் அச்சு வலை கட்டிய சட்டத்தில் மையை ஊற்றினார்.

வினைல் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது உருளையில் அழுத்தி இழுத்துச் செய்த காலண்டர்டு வினைல். விலை குறைவு, தட்டையான இடத்துக்கு நல்லது. உப்பிய டேங்கில் ஒட்டினால் இரண்டு வெயிலில் பழைய உருவத்துக்கே திரும்பப் பார்க்கும்; விளிம்பு தூக்கும், சுற்றிலும் அழுக்குக் கோடு விழும். காஸ்ட் வினைல் என்று கேட்டு வாங்குங்கள். மெலிதாக, சுமார் 50 மைக்ரான் இருக்கும்; வளைவுக்கு இசைந்து உட்காரும். வேலூரில் சில்லறையாகக் கிடைக்காமல், சென்னையிலிருந்து இரண்டு மீட்டர் வரவழைத்தேன்.

ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு செட் அடித்தாலும் சட்டம் செய்கிற செலவு அதேதான். அதனால் பாய் இருபது செட் அடிக்கச் சொன்னார். சட்டம், மை, வினைல், கூலி எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய் ஆயிற்று. வெளி விளிம்பை நானே கையால் வெட்டினேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் மருந்துக் கடைகளில் சர்ஜிக்கல் பிளேடு சில்லறையாகக் கிடைக்கும். 11-ம் நம்பர், கூர் முனை. பேப்பர் வெட்டும் கத்தியெல்லாம் அதன் பக்கத்தில் வரவே முடியாது. நீள விளிம்புக்கு ஸ்டீல் ஸ்கேல், வளைவுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கை.

ஒரு சின்னக் கிளைக்கதை. எல்லா வண்டிக்கும் வினைல் பொருந்தாது. பழைய சைக்கிள்கள், பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இருந்தது தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் டிரான்ஸ்பர். என் நண்பன் ஒருவனுக்கு அவன் தாத்தா சைக்கிளுக்கு அந்தமாதிரிப் பழைய டிரான்ஸ்பர் ஒன்று கிடைத்து, அப்படியே தண்ணீரில் போட்டான். அப்பளம் நொறுங்குவது போலத் தூளாகிவிட்டது. பழையதாக இருந்தால் முதலில் மேலே கிளியர் லாக்கர் மெலிதாக ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவைத்து, ஒரு மூலையை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோதித்துவிட்டு இறங்க வேண்டும். புல்லட் டேங்கில் ஓடும் தங்கக் கோடு ஸ்டிக்கரே கிடையாது; திருவொற்றியூர் தொழிற்சாலையில் கையால் தூரிகை பிடித்து இழுத்தது. அதற்கு ஸ்டிக்கர் தேடுகிறவர்களை நம்பர் பிளேட் பெரியவரிடம் அனுப்பிவிடுவேன்.

ஒட்டும் நாளுக்கு வருகிறேன். பெயின்ட் அடித்து மூன்று வாரம் விட்டேன். "பெயின்ட் மூச்சு விடணும்" என்பார் பெயின்டர். அது விளையாட்டுப் பேச்சு அல்ல. உள்ளே தின்னர் மிச்சம் இருந்தால் அது ஆவியாகி ஸ்டிக்கருக்கு அடியில் கொப்புளமாக நிற்கும். நாளும் சித்திரை. கத்தரி வெயிலில் வேலூரில் கறுப்பு டேங்க் மேல் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் பசை பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்தவே விடாது. அதனால் காலை ஐந்தரைக்கு, வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். தூசி பறக்கக் கூடாதே.

முதலில் ஸ்டிக்கரின் அதே அளவுக்கு ஒரு நகல் தாளை வெட்டி, போட்டோவில் பார்த்த இடத்தில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, மூன்று தடவை இடம் மாற்றி, கடைசியில் மூலைகளை மாஸ்கிங் டேப் துண்டால் குறித்தேன். ஒரு பக்கம் குறித்த பிறகு, அதே தூரத்தைப் பெட்ரோல் மூடியிலிருந்து அளந்து மறுபக்கம் குறித்தேன். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு. டேங்கையும் நனைத்து, ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தையும் நனைத்தால் மீன் போல வழுக்கிக்கொண்டு போகும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். நடுவிலிருந்து வெளியே தண்ணீரைத் தள்ள வேண்டும். துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டு போதும். வளைவில் அடம் பிடித்தால் மனைவியின் ஹேர் டிரையர், தூரத்தில் பிடித்து இளஞ்சூடாக. சூடு அதிகமானால் வினைல் இழுபட்டு எழுத்து நீண்டுவிடும். வலது பக்கக் கடைசி எழுத்தில் எனக்கு அது கொஞ்சம் நடந்துவிட்டது. எங்கே என்று சொன்னால்தான் தெரியும், ஆகையால் சொல்ல மாட்டேன். மிஞ்சும் சிறு குமிழியைக் குண்டூசியால் ஓரமாகக் குத்தி அழுத்திவிடலாம். ஒரு நாள் முழுக்க வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேலே கிளியர் அடிப்பதா வேண்டாமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. ஏற்கெனவே சூடு கண்ட பூனை என்பது ஒரு காரணம். இன்னொன்று, நைனா வண்டியில் ஸ்டிக்கர் விளிம்பு நகத்தில் தட்டும். பின்னால் உட்கார்ந்து போகும்போது இடுப்புக்குப் பக்கவாட்டில் கையை நீட்டி அந்த விளிம்பை நிரடிக்கொண்டே வருவேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். கிளியர் போட்டு விளிம்பைப் புதைத்துவிட்டால் அது வேறு வண்டி.

மிச்சம் பத்தொன்பது செட். விஷயம் எப்படியோ பரவி, ஆரணியிலிருந்து ஒருவர், திருப்பத்தூரிலிருந்து ஒருவர் என்று வர ஆரம்பித்தார்கள். ஆன செலவைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெயரும் எழுத்தும் கம்பெனிக்குச் சொந்தம். அதை அச்சடித்துக் கடை விரிக்கும் எண்ணம் இல்லை. ஒருவர் மட்டும், சேசிஸ் நம்பர் பொறித்த தகட்டையும் இதே மாதிரி 'புதுசாக' அடித்துத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். எழுந்து வாசல் வரை போய் வழியனுப்பி வைத்தேன். அழகுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் வேறு, வண்டியின் அடையாளம் வேறு. நிறம் மாற்றினால்கூட ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். நான் அதே கறுப்பில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் செட்டை, ஒட்டி முடித்த அந்த வாரமே, குடியாத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். நம் வண்டியிலேயே போனேன். தறிக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, குனிந்து, அந்தச் சின்னக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இது கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும். அதையும் விடலியா நீ?" என்றார். செட்டை அவரிடம் கொடுத்து, அடுத்த ஞாயிறு வந்து நானே ஒட்டித் தருகிறேன் என்றேன். உறையைப் பிரிக்காமல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

"இருக்கறது விழட்டும், பாத்துக்கலாம்" என்றார். போன மாதம் பார்த்தபோது அவர் வண்டியில் ரோஸ் மில்க் நிறத்தில் பழையதுதான் இருந்தது.